விளையாட்டரங்கப் புதுப்பிப்பும் பொதுநிதியும்: பெரம்பலூர், அரியலூர் முதல் சென்னை வரை

விளையாட்டரங்குகளைக் கட்டவும் புதுப்பிக்கவும் பராமரிக்கவும் அரசு தன் வரி வருவாயிலிருந்தோ, நிலத்தைக் கொடுத்தோ, சலுகைகள் அளித்தோ செய்யும் உதவியே இங்குப் பொதுநிதி எனப்படுகிறது. தொழில்முறை அணிகளும் பெரிய போட்டிகளும் பயன்படுத்தும் அரங்குக்கு மக்கள் பணத்தைச் செலவிடலாமா, செலவிட்டால் எந்த நிபந்தனையோடு செலவிட வேண்டும் என்ற கேள்வி உலகெங்கும் எழுந்துள்ளது. தமிழ்நாட்டிலும் இக்கேள்விக்கு நீண்ட வரலாறு உண்டு. பெரிய அரங்குகள் சென்னையில் உள்ளன. அங்கு ஆடும் வீரர்களில் சிலர் அரியலூர், பெரம்பலூர் போன்ற சிறிய மாவட்டங்களிலிருந்து புறப்பட்டவர்கள். ஆகவே இந்த வரலாற்றைத் தலைநகரிலிருந்து மட்டும் பார்த்தால் பாதிதான் தெரியும்.

இரு மாவட்டங்கள்

பழைய திருச்சிராப்பள்ளி மாவட்டம் மூன்றாகப் பிரிக்கப்பட்டபோது, 1995 நவம்பர் 1 அன்று பெரம்பலூர் தனி மாவட்டமானது. அதிலிருந்து அரியலூர் 2001 ஜனவரி 1 அன்று பிரிக்கப்பட்டது. 2002 மார்ச் 31 அன்று மீண்டும் பெரம்பலூருடன் இணைக்கப்பட்டது. பின்னர் 2007 நவம்பர் 23 அன்று மறுபடியும் தனி மாவட்டமாக அமைந்தது.

இந்த நிருவாக வரலாறு விளையாட்டையும் பாதித்தது. தமிழ்நாட்டில் விளையாட்டுக்கான அரசுக் கட்டமைப்பு மாவட்டத்தை அலகாகக் கொண்டது. மாவட்டத்திற்கு ஒரு விளையாட்டரங்கம், அதற்கு ஒரு மாவட்ட விளையாட்டு மற்றும் இளைஞர் நலன் அலுவலர், பயிற்றுநர்கள் என்பதே அந்த அமைப்பு. பெரம்பலூர் தனி மாவட்டமாகும் வரை இப்பகுதி மாணவர்களுக்கு மாவட்டத் தலைமையிடம் திருச்சிராப்பள்ளியே. பெரம்பலூரிலிருந்து அது ஏறத்தாழ 60 கிலோமீட்டர். பெரம்பலூர் நகருக்குத் தொடர்வண்டி நிலையமும் இல்லை, பேருந்தே வழி. மாவட்ட அளவிலான போட்டிக்கு விடியற்காலையில் புறப்பட்டு இரவில் திரும்ப வேண்டிய மாணவருக்கு, உள்ளூரில் ஓர் ஓடுபாதை அமைவது பெரிய மாற்றம்.

இரு மாவட்டங்களின் பொருளாதாரமும் குறிப்பிடத்தக்கது. பெரம்பலூர் மக்காச்சோளம், சின்ன வெங்காயம், பருத்தி விளையும் மானாவாரிப் பகுதி. அரியலூர் சுண்ணாம்புக்கல் பூமி. அரசு நிறுவனமான டான்செம் உள்படப் பல சிமெண்ட் ஆலைகள் இங்கு இயங்குகின்றன. ஆனாலும் பெருநகரங்களில் உள்ளதுபோல் தனியார் மன்றங்களும் உறுப்பினர் கட்டணத்தில் நடக்கும் விளையாட்டுக் கழகங்களும் இங்குப் பெரிதாக வளரவில்லை. இத்தகைய மாவட்டத்தில் அரசு அமைக்காத ஆடுகளத்தை வேறு யாரும் அமைக்கும் வாய்ப்பு குறைவு.

பணம் வரும் வழிகள்

இந்திய அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணையில் மாநிலப் பட்டியலின் 33-ஆம் பதிவில் விளையாட்டு இடம்பெறுகிறது. எனவே அரங்குகளுக்கான முதன்மைப் பொறுப்பு மாநில அரசுடையது. தமிழ்நாட்டில் 1992-இல் அமைக்கப்பட்ட தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் மாநில அரங்குகளையும் மாவட்ட அரங்குகளையும் நிருவகிக்கிறது. இதைத் தவிர வேறு வழிகளும் உள்ளன.

நாடாளுமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதி 1993 டிசம்பரில் தொடங்கியது. இப்போது அது ஆண்டுக்கு 5 கோடி ரூபாய். சட்டமன்ற உறுப்பினர் நிதி ஆண்டுக்கு 3 கோடி ரூபாய். இரண்டிலிருந்தும் விளையாட்டுக் கட்டமைப்புக்குப் பணம் ஒதுக்க முடியும். இங்கு ஒரு சிக்கல் உண்டு. பெரம்பலூர் சட்டமன்றத் தொகுதி பெரம்பலூர் மக்களவைத் தொகுதியில் உள்ளது. அதே மாவட்டத்தின் குன்னம் தொகுதியோ அரியலூர், ஜெயங்கொண்டம் தொகுதிகளுடன் சேர்ந்து சிதம்பரம் மக்களவைத் தொகுதியில் உள்ளது. மாவட்ட எல்லை ஒன்று, நிதி வரும் எல்லை வேறொன்று.

1997-98-இல் தொடங்கிய 'நமக்கு நாமே' திட்டத்தில் மக்கள் ஒரு பங்கு பணம் திரட்டினால் மீதியை அரசு அளிக்கும். 2006-க்குப் பின் செயல்பட்ட அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிகளுக்கு விளையாட்டுத் திடல் அமைப்பதும் ஒரு பணியாக இருந்தது. ஒன்றிய அரசு 2008-இல் ஊராட்சி இளைஞர் விளையாட்டுத் திட்டத்தையும், பின்னர் கேலோ இந்தியா திட்டத்தையும் கொண்டுவந்தது. தொகுதிதோறும் 3 கோடி ரூபாய் மதிப்பில் சிறு விளையாட்டரங்கம் அமைக்கும் திட்டத்தை 2022-இல் தமிழ்நாடு அரசு அறிவித்தது.

2013-ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டம் மற்றொரு வழியைத் திறந்தது. குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் மூன்றாண்டுச் சராசரி நிகர இலாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும் என்பது அதன் 135-ஆம் பிரிவு. கிராமப்புற விளையாட்டுப் பயிற்சியும் அனுமதிக்கப்பட்ட செலவினங்களுள் ஒன்று. தொழிற்சாலை இயங்கும் பகுதிக்கு முன்னுரிமை தர வேண்டும் என்றும் சட்டம் கூறுகிறது. சுண்ணாம்புக்கல் வெட்டப்படும் அரியலூருக்கு இது பொருத்தமான விதி. இப்பணம் வரிப்பணம் அன்று. ஆனால் சட்டத்தால் பொதுநலனுக்கு ஒதுக்கப்பட்டது என்பதால் இதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

சென்னை அரங்குகளின் அனுபவம்

சென்னை நேரு விளையாட்டரங்கம் தொடக்கத்தில் மாநகராட்சி அரங்கமாக இருந்தது. 1956 முதல் 1965 வரை இங்கு டெஸ்ட் கிரிக்கெட் நடந்தது. 1956 ஜனவரியில் நியூசிலாந்துக்கு எதிராக வினூ மன்கட்டும் பங்கஜ் ராயும் முதல் விக்கெட்டுக்கு 413 ஓட்டங்கள் சேர்த்தது இங்கேதான். பின்னர் கிரிக்கெட் சேப்பாக்கத்திற்குத் திரும்பியது. 1993-இல் பழைய அரங்கம் அரசுச் செலவில் புதிதாகக் கட்டப்பட்டது. அவ்வாண்டு நேரு தங்கக் கோப்பைக் கால்பந்துப் போட்டியும், 1995 டிசம்பரில் தெற்காசிய விளையாட்டுப் போட்டிகளும் இங்கு நடந்தன. 2014-இல் இந்தியன் சூப்பர் லீக் கால்பந்து தொடங்கியபோது சென்னையின் எப்.சி. அணிக்கு இதுவே சொந்த அரங்கமானது. மக்கள் பணத்தில் எழுந்த அரங்கைத் தொழில்முறை அணி பயன்படுத்துவதற்கு இது தெளிவான சான்று. அரங்கம் கட்டப்பட்டபோது அந்த அணியும் இல்லை, அந்தப் போட்டியும் இல்லை. அரங்கின் ஆயுள் அதைப் பயன்படுத்துவோரின் திட்டங்களைவிட நீண்டது என்பது இதன் பாடம்.

நுங்கம்பாக்கம் டென்னிஸ் அரங்கம் அதே பாடத்தை மறுபக்கத்திலிருந்து காட்டுகிறது. 1995 தெற்காசியப் போட்டிகளுக்காக அரசு கட்டிய இவ்வரங்கில் 1997 முதல் 2017 வரை ஆடவர் சென்னை ஓப்பன் தொழில்முறைப் போட்டி நடந்தது. 2018-இல் அப்போட்டி புனேவுக்குச் சென்றது. போட்டி பெட்டியைக் கட்டிக்கொண்டு வேறு ஊருக்குப் போகலாம், அரங்கம் போக முடியாது. அதன் கூரையையும் தரையையும் இருக்கைகளையும் தொடர்ந்து பராமரிக்கும் செலவு அரசிடமே தங்கியது. 2022 செப்டம்பரில் மகளிர் சென்னை ஓப்பன் அங்கு நடந்தபோது அரங்கம் மீண்டும் செப்பனிடப்பட்டது. அடுத்த இரண்டு ஆண்டுகள் அப்போட்டி நடைபெறவில்லை. மறுபடியும் நடந்தது 2025-இல்தான்.

சேப்பாக்கம் எம்.ஏ. சிதம்பரம் அரங்கம் வேறு வகை. நிலம் அரசுக்குச் சொந்தம். குத்தகைக்கு எடுத்து நடத்துவது தமிழ்நாடு கிரிக்கெட் சங்கம். கட்டுமானச் செலவைச் சங்கமே ஏற்கிறது. 2011 உலகக் கோப்பைக்காக எழுப்பிய மூன்று பார்வையாளர் மாடங்கள், கட்டட விதிகள் தொடர்பான வழக்கால் 2012-க்குப் பின் பல ஆண்டுகள் பெரும்பாலும் பூட்டியே கிடந்தன. சுமார் 12,000 இருக்கைகள் பயன்படாமல் போயின. 2015-இல் முடிந்த நிலக் குத்தகை 2019-இல் புதுப்பிக்கப்பட்ட பிறகே நிலைமை சீரடைந்தது. 2023 மார்ச் 17 அன்று, 139 கோடி ரூபாய்ச் செலவில் புதுப்பிக்கப்பட்ட பகுதியில் அமைந்த கலைஞர் மு. கருணாநிதி மாடத்தை முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் திறந்துவைத்தார்.

இங்கு அரசு பணம் தரவில்லை என்று சொல்வது எளிது. ஆனால் நகரின் நடுவில் கடற்கரைக்கு அருகே உள்ள அந்த நிலமே பெரும் பொதுச் சொத்து. அதற்கு என்ன வாடகை, எத்தனை ஆண்டு, என்ன நிபந்தனை என்பதே அங்குள்ள பொதுநிதிக் கேள்வி. பணமாகக் கொடுத்தால்தான் உதவி என்பதில்லை. குறைந்த வாடகையும் உதவிதான்.

நீதிமன்றத்திற்குச் சென்ற கேள்வி

இந்த விவாதம் அண்மையில் கூர்மையடைந்தது அரங்கில் அன்று, சாலையில். சென்னைத் தீவுத்திடலைச் சுற்றிய சாலைகளில் பார்முலா 4 கார் பந்தயம் நடத்தத் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையமும் ஒரு தனியார் நிறுவனமும் ஒப்பந்தம் செய்தன. 2023 டிசம்பரில் நடக்கவிருந்த பந்தயம் மிக்ஜாம் புயலால் தள்ளிப்போனது. பந்தயத்திற்கு எதிராகச் சென்னை உயர் நீதிமன்றத்தில் பொதுநல மனுக்கள் வந்தன. 2024 பிப்ரவரியில் நீதிமன்றம் பந்தயத்தை அனுமதித்தது. ஆனால் அரசு செலவிட்ட 42 கோடி ரூபாயைத் தனியார் நிறுவனம் திருப்பித் தர வேண்டும் என்று நிபந்தனை விதித்தது. பந்தயம் 2024 ஆகஸ்ட் இறுதியிலும் செப்டம்பர் முதல் நாளிலும் நடந்தது. 2025-இல் உச்ச நீதிமன்றம், இத்தகைய கொள்கை முடிவுகளில் நீதிமன்றம் தலையிடும் எல்லை குறுகியது என்ற நோக்கில், பணத்தைத் திருப்பித் தரும் நிபந்தனையை நீக்கியது.

இதன் பொருள் அச்செலவு சரி என்றோ தவறு என்றோ உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது என்பதன்று. அதை எடைபோடும் பொறுப்பு சட்டமன்றத்துக்கும் மக்களுக்கும் உரியது என்பதே.

உலக நாடுகள் கற்றவை

கனடாவின் மாண்ட்ரியால் நகரம் 1976 ஒலிம்பிக்குக்காகக் கட்டிய அரங்கின் கடன் 2006-இல்தான் தீர்ந்தது. 30 ஆண்டுகள்! கடனை அடைக்கப் புகையிலை வரியும் பயன்பட்டது. போட்டியைப் பார்த்த குழந்தைகள் நடுவயதை எட்டும் வரை அதற்கான வரி தொடர்ந்தது.

அமெரிக்காவில் தொழில்முறை அணிகள், அரங்கைப் புதுப்பித்துத் தராவிட்டால் வேறு நகரத்திற்குச் சென்றுவிடுவோம் என்று நகராட்சிகளை நெருக்குவது வழக்கம். 1997-இல் ரோஜர் நோல், ஆண்ட்ரூ சிம்பலிஸ்ட் ஆகிய பொருளியலாளர்கள் தொகுத்த நூல், அரங்குகளால் ஊரின் வருமானமும் வேலைவாய்ப்பும் பெருகும் என்ற வாதத்திற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று காட்டியது. காரணம் எளிது. ஒரு குடும்பம் பொழுதுபோக்குக்கு மாதம் 1,000 ரூபாய் ஒதுக்குகிறது என்று கொள்வோம். இம்மாதம் அதைக் கிரிக்கெட் பார்க்கச் செலவிட்டால் திரைப்படத்திற்கோ உணவகத்திற்கோ போகாது. ஊருக்குள் பணம் இடம் மாறுகிறதே தவிர, புதிதாகப் பிறப்பதில்லை.

இந்தியாவில் தில்லி நேரு அரங்கம் 1982 ஆசிய விளையாட்டுகளுக்காகக் கட்டப்பட்டது. 2010 காமன்வெல்த் போட்டிகளுக்காக ஏறத்தாழ 960 கோடி ரூபாயில் அது புதுப்பிக்கப்பட்டது. அப்போட்டிகளின் செலவுகளை இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் 2011 அறிக்கை கடுமையாக விமர்சித்தது.

எனவே வருமானம் பெருகும் என்ற வாதம் வலுவற்றது. பொதுநிதிக்கு வேறு நியாயம் வேண்டும். அந்த நியாயத்தை அரியலூரில் காணலாம்.

செயற்கைத் தரை செய்த மாற்றம்

மாண்ட்ரியால் ஒலிம்பிக் மற்றொரு மாற்றத்தையும் கொண்டுவந்தது. ஒலிம்பிக் ஹாக்கி முதன்முறையாகச் செயற்கைத் தரையில் ஆடப்பட்டது அங்கேதான். அதுவரை ஒலிம்பிக் ஹாக்கியில் பதக்க வரிசையிலேயே இருந்துவந்த இந்தியா அந்த ஆண்டு 7-ஆம் இடம் பெற்றது. புல் தரையில் மட்டையும் பந்தும் இருந்தால் போதும். செயற்கைத் தரைக்கோ கோடிக்கணக்கில் பணம் வேண்டும், ஆட்டத்திற்கு முன் தண்ணீர் தெளிக்கும் ஏற்பாடு வேண்டும். பல ஆண்டுகளுக்கு ஒருமுறை தரையையே மாற்ற வேண்டும். அதன்பின் ஹாக்கியில் முன்னேற விரும்பும் கிராமத்துச் சிறுவனுக்குப் பள்ளித் திடல் போதவில்லை.

தமிழ்நாட்டில் இந்த இடைவெளியை அரசே நிரப்பியது. கோவில்பட்டியில் செயற்கைத் தரை ஹாக்கி அரங்கமும் சிறப்புப் பயிற்சி விடுதியும் அமைந்தன. அரியலூரைச் சேர்ந்த கார்த்தி செல்வம் அங்குப் பயிற்சி பெற்று இந்திய அணியில் இடம்பிடித்தார். 2022 மே மாதம் ஜகார்த்தாவில் நடந்த ஆசியக் கோப்பையில் பாகிஸ்தானுக்கு எதிராக இந்தியாவின் கோல் அவர் பெயரில் பதிவானது. ஆட்டம் 1-1 எனச் சமநிலையில் முடிந்தது.

2023 ஆகஸ்ட் 3 முதல் 12 வரை சென்னையில் ஆசிய சாம்பியன்ஸ் கோப்பை நடந்தது. அதற்காக எழும்பூர் மேயர் இராதாகிருஷ்ணன் அரங்கை மாநில அரசு புதுப்பித்து, 2024 பாரிஸ் ஒலிம்பிக்குக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட அதே வகைத் தரையை அமைத்தது. 2007 ஆசியக் கோப்பைக்குப் பின் 16 ஆண்டுகள் கழித்துப் பெரிய பன்னாட்டு ஹாக்கிப் போட்டி அங்குத் திரும்பியது. மலேசியாவுக்கு எதிரான லீக் ஆட்டத்தில் இந்தியா 5-0 என வென்றபோது முதல் கோலை அடித்தவர் கார்த்தி செல்வம். இறுதியாட்டத்திலும் மலேசியாவை 4-3 என வென்று இந்தியா கோப்பையைக் கைப்பற்றியது. 2025-இல் இளையோர் உலகக் கோப்பைக்காக மதுரையிலும் ஏறத்தாழ 10 கோடி ரூபாயில் புதிய ஹாக்கி அரங்கம் எழுந்தது.

கபடியிலும் இதே மாற்றம் நிகழ்ந்தது. பெரம்பலூர், அரியலூர் கிராமங்களில் கபடி மண் தரையில் ஆடப்படும் ஆட்டம். 2014-இல் புரோ கபடி லீக் தொடங்கியது. 2017-இல் தமிழ் தலைவாஸ் அணி அதில் சேர்ந்தது. அந்தத் தொழில்முறை ஆட்டம் முழுவதும் விரிப்பில் நடப்பது. மண்ணில் பழகிய கால் விரிப்பில் வழுக்கும். காலணி வேண்டும், திருப்பும் முறையும் மாற வேண்டும். விரிப்பு உள்ள உள்ளரங்கம் அருகில் இல்லாத வீரருக்குத் தேர்வு நாள்தான் முதல் விரிப்பு நாளாக அமைந்துவிடும்.

ஆகவே பொதுநிதியின் உண்மையான நியாயம் வாய்ப்பைச் சமமாக்குவது. எழும்பூரின் புதிய தரை பத்து நாள் போட்டிக்கு மட்டும் என்றால் அது விலை உயர்ந்த அலங்காரம். அரியலூர்ச் சிறுவன் கோவில்பட்டிக்குப் போகவும், அங்கிருந்து எழும்பூருக்கு வரவும் வழி இருந்தால் அதே தரை ஒரு படிக்கட்டின் மேல்படி. மேல்படியை மட்டும் பளிங்கால் கட்டிக் கீழ்ப்படியைச் சிதைய விட்டால் யாரும் ஏற முடியாது.

பராமரிப்பு என்னும் மறைவான செலவு

அரங்கத் திறப்பு விழாவுக்குக் கல்வெட்டு உண்டு. பராமரிப்புக்குக் கல்வெட்டு இல்லை. நிதி ஒதுக்கீட்டிலும் இவ்வேறுபாடு தெரியும். கட்டுமானம் ஒருமுறைச் செலவு. நீச்சல் குளத்தின் நீர்ச் சுத்திகரிப்பு, மின்விளக்குகளின் மின்கட்டணம், காவலர், துப்புரவுப் பணியாளர், பயிற்றுநர் ஆகியோரின் ஊதியம் எல்லாம் ஆண்டுதோறும் வரும் செலவு. நாடாளுமன்ற உறுப்பினர் நிதி நிலையான சொத்துகளை உருவாக்குவதற்கானது. அதில் கட்டிய உடற்பயிற்சிக் கூடத்தின் அன்றாடப் பராமரிப்பை அதைப் பயன்படுத்தும் அமைப்பு தன் பொறுப்பில் ஏற்க வேண்டும். அது முன்கூட்டியே உறுதி செய்யப்படாவிட்டால் சில ஆண்டுகளில் கூடத்தின் பூட்டு துருப்பிடிக்கும்.

மாவட்ட அரங்கில் கழிப்பறையும் உடைமாற்றும் அறையும் சரியாக இல்லையென்றால் முதலில் நின்றுவிடுவோர் பெண் பிள்ளைகள். அதைச் சீர்செய்ய ஆகும் செலவு பெருநகர அரங்கின் ஒரு மின்விளக்குக் கோபுரத்தின் செலவைவிடக் குறைவாகவே இருக்கும். ஆனால் அது செய்தித்தாளில் படமாக வருவதில்லை.

மக்கள் கேட்கக்கூடியவை

தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-இன்படி, 10 ரூபாய்க் கட்டணத்தில் எந்தக் குடிமகனும் தம் மாவட்ட அரங்கைப் பற்றிக் கேட்கலாம். கட்டுமானத்திற்கு எவ்வளவு, பராமரிப்புக்கு எவ்வளவு ஒதுக்கப்பட்டது, எத்தனை பயிற்றுநர் பணியிடங்கள் நிரப்பப்பட்டுள்ளன, ஒரு நாளில் எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்பன அத்தகைய கேள்விகள். ஊராட்சித் திடலைப் பற்றிக் கிராம சபையில் கேட்கலாம். தொழில்முறை அணியோ தனியார் நிறுவனமோ பொது அரங்கைப் பயன்படுத்தினால், வாடகை எவ்வளவு, போட்டி இல்லாத நாட்களில் மாணவர்களுக்கு அரங்கம் திறந்திருக்குமா என்ற இரண்டு கேள்விகளும் ஒப்பந்தத்திலேயே விடை பெற்றிருக்க வேண்டும்.

போட்டி நாளன்று எல்லா அரங்கமும் நிறைந்தே காணப்படும். பொதுநிதி நன்கு செலவாகியதா என்பதை அறிய, போட்டி எதுவும் இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்கு அரங்கின் வாயிலில் நின்று பார்க்க வேண்டும். கதவு திறந்திருந்து, உள்ளே பிள்ளைகள் ஓடிக்கொண்டிருந்தால் அந்தப் பணம் வீணாகவில்லை.